எழுத்துக்கூட்டும் குழந்தைகள்

நுழையும்முன்

ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் பயிலும் குழந்தைகளுள் சிலர் மட்டும் எழுத்துகளோடு ஓயாது போராடுகின்றனர். அப்போராட்டத்தில் குழந்தையின் மூளைக்கு எவ்வளவு பங்கு, அக்குழந்தை படிக்க நேர்ந்த எழுத்துமுறைக்கு எவ்வளவு பங்கு என்னும் வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை.

பெர்சி என்னும் சிறுவன்

1896ஆம் ஆண்டு, இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறுவனைப் பற்றிக் குறிப்பு எழுதினார். பெர்சி என்பது அவன் பெயர், வயது 14. விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கணக்கில் தேர்ந்தவன், அறிவில் எவ்விதக் குறையும் இல்லாதவன். ஏழு வயது முதல் பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் பயின்றிருந்தும், ஓரசைச் சொற்களைக்கூட அவனால் தட்டுத்தடுமாறித்தான் படிக்க முடிந்தது. தன் பெயரை எழுதியபோது எழுத்துகள் முன்பின்னாக மாறிப் 'பிரெசி' என்று எழுதினான். பிழையைச் சுட்டிக்காட்டிய பின்னும் அது உடனே அவனுக்குப் புலப்படவில்லை. பாடங்கள் அனைத்தும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே சிறந்த மாணவனாக இவனே விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். ஆனால், பாடங்கள் வாய்மொழியாக நடக்கவில்லை.

அக்காலத்தில் இக்குறையைச் 'சொற்குருடு' என அழைத்தனர். டிஸ்லெக்சியா என்று இன்று உலகம் வழங்கும் வாசிப்புக் குறைபாடு இதுவே. கூர்மையான அறிவும் நல்ல பார்வையும் போதிய பயிற்சியும் இருந்தும், எழுத்தைச் சொல்லாக மாற்றுவதில் மட்டும் தொடர்ந்து இடர்ப்படும் நிலை இது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பில் இருவருக்கேனும் இக்குறைபாடு இருக்கக்கூடும். அவர்களை நாம் அறிவோம்; வேறு பெயர்களால் அறிவோம். 'மந்தம்', 'சோம்பேறி', 'கவனமில்லாதவன்' என்னும் பெயர்களே அவை.

பெர்சியின் கதையைப் படிக்கும்தோறும் ஒரு வினா எழுகிறது. அவன் இங்கிலாந்தில் பிறக்காமல் இத்தாலியில் பிறந்திருந்தால், அல்லது நம் ஊரில் பிறந்து தமிழில் படிக்கத் தொடங்கியிருந்தால், அவன் கதை எப்படி அமைந்திருக்கும்? இது வீண் கற்பனை அன்று. ஒலிக்கும் எழுத்துக்கும் இடையே ஒழுங்கான உறவு கொண்ட எழுத்துமுறைகள் இத்தகைய குழந்தைகளின் சுமையைப் பெரிதும் குறைக்கின்றன என்பதற்குச் சான்றுகள் உள்ளன. சுமையைக் குறைக்கின்றன என்றுதான் சொன்னேன். நீக்கிவிடுகின்றன என்று சொல்லவில்லை.

காதில் தொடங்கும் சிக்கல்

டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரியும், காகிதத்தின்மீது அவை நடனமாடும் என்னும் எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்தித் திரைப்படம் இக்குறைபாட்டை வீடுதோறும் கொண்டு சேர்த்தது, அது பெரும்பணி. ஆயினும், அதில் வரும் ஆடும் எழுத்துகளின் காட்சியே பலர் மனத்தில் தங்கிவிட்டது. பெரும்பாலான குழந்தைகளிடம் சிக்கல் கண்ணில் இல்லை. கேட்ட சொல்லை ஒலிகளாகப் பிரித்து உணரும் திறனில் உள்ளது.

பேச்சு குழந்தைக்குத் தானே வருகிறது. 'படம்' என்று சொல்லும் மூன்று வயதுக் குழந்தை அச்சொல்லை ஒரே வீச்சில் சொல்கிறது. அதனுள் ப், அ, ட், அ, ம் என ஐந்து ஒலிகள் வரிசையாக நிற்கின்றன என்பதை அது அறியாது. அறிய வேண்டிய தேவையும் இல்லை. எழுத்தைக் கற்கும்போதுதான் அத்தேவை எழுகிறது. எழுத்து என்பது ஒலியின் அடையாளம். ஒலியைத் தனியே பிரித்துக் கேட்க இயலாத குழந்தைக்கு அந்த அடையாளம் எதனுடைய அடையாளம் என்பதே விளங்காது. பிற குழந்தைகளுக்குச் சில மாதங்களில் கைவரும் இத்திறன், டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு ஆண்டுக்கணக்கான பயிற்சிக்குப் பிறகே, அதுவும் அரைகுறையாகவே வாய்க்கிறது.

இங்குதான் எழுத்துமுறையின் இயல்பு குறுக்கிடுகிறது. ஓர் எழுத்து எங்கு வந்தாலும் ஒரே ஒலியைத் தருமானால், குழந்தை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்த உறவு சற்றே உறுதிப்படும். ஐயத்தோடு சொன்ன ஒலி சரியென்று அடுத்த சொல்லும் மெய்ப்பிக்கும். மாறாக, அதே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி தருமானால் நேற்றுக் கற்றதை இன்று மறுக்க வேண்டிவரும். நன்கு கேட்கும் குழந்தை அந்தக் குழப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஐயத்தோடு நிற்கும் குழந்தை தாங்காது.

ஒரு மூளை, பல எழுத்துமுறைகள்

ஆங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். 'கடினம்' எனப் பொருள்படும் டஃப், 'இருமல்' எனப் பொருள்படும் காஃப், 'ஊடாக' எனப் பொருள்படும் த்ரூ, 'எனினும்' எனப் பொருள்படும் தோ ஆகிய நான்கு சொற்களும் ஓ, யு, ஜி, எச் என்னும் ஒரே நான்கெழுத்துக் கூட்டத்தைக் கொண்டு முடிகின்றன. நான்கிலும் அக்கூட்டம் வெவ்வேறு வகையில் ஒலிக்கிறது. கடனைக் குறிக்கும் சொல்லில் வரும் 'பி' ஒலிப்பதே இல்லை. இலத்தீன் மூலத்தை நினைவூட்டக் கற்றோர் செருகிய எழுத்து அது. 1476ஆம் ஆண்டு கேக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சுப்பொறியைக் கொண்டுவந்ததைத் தொடர்ந்து எழுத்துக்கூட்டல் மெல்ல இறுகத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில் உயிரொலிகளின் உச்சரிப்போ பெரிதும் மாறிக்கொண்டிருந்தது. நாக்கு நகர்ந்தது, எழுத்து நகரவில்லை. அதன் விலையை இன்றும் ஐந்து வயதுக் குழந்தைகள் செலுத்துகின்றனர்.

ஆங்கிலத்தின் ஏறத்தாழ 40 ஒலிகளை எழுத ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துச் சேர்க்கைகள் உள்ளன என்று கணக்கிட்டுள்ளனர். இத்தாலிய மொழியின் 25 ஒலிகளுக்கோ 33 சேர்க்கைகள் போதும். 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பள்ளியின் முதலாண்டு முடிவில் குழந்தைகள் பழகிய சொற்களை எவ்வளவு சரியாகப் படிக்கின்றனர் என்று ஒப்பிட்டது. ஃபின்லாந்துக் குழந்தைகள் நூற்றுக்கு 98 சொற்களைச் சரியாகப் படித்தனர். ஆங்கிலத்தில் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 34 சொற்களையே சரியாகப் படித்தனர். ஃபின்லாந்துக் குழந்தைகள் ஏழு வயதில் பள்ளிக்கு வருவோர், ஸ்காட்லாந்தினர் ஐந்து வயதில் வருவோர் என்பதையும் கருத வேண்டும். எனினும், இரண்டாம் ஆண்டு முடிவிலும் ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 76ஐத்தான் எட்டினர்.

இவர்கள் பொதுவான குழந்தைகள். டிஸ்லெக்சியா உள்ளோர் நிலை என்ன? 2001ஆம் ஆண்டு பாவுலேசு என்னும் இத்தாலிய அறிஞரும் அவருடைய குழுவினரும் இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த, டிஸ்லெக்சியா உள்ள பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்தனர். படிக்கும்போது அவர்கள் மூளையில் நிகழ்வதைப் படம் பிடித்துப் பார்த்தபோது, மூன்று நாட்டினரிடமும் இடப்பக்க மூளையின் ஒரே பகுதியில் செயற்பாடு குறைந்திருந்தது. குறைபாடு ஒன்றே. ஆனால், வாசிப்புத் தேர்வில் இத்தாலிய மாணவர்கள் மற்ற இரு நாட்டினரையும்விட நன்றாகப் படித்தனர். அந்தக் குறையை அவர்களுடைய எழுத்துமுறை பாதியளவு மறைத்திருந்தது. பெர்சி மிலான் நகரில் பிறந்திருந்தால் அவனைப் பற்றி எந்த மருத்துவரும் எழுதியிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

இதனினும் வியப்புக்குரிய சான்று ஒன்று 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜப்பானில் வளர்ந்த சிறுவன் ஒருவன். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஜப்பானியம். ஆங்கில வாசிப்பில் அவனுக்குக் கடுமையான டிஸ்லெக்சியா. ஜப்பானிய வாசிப்பிலோ தன் வயதினருக்கு இணையாகவும் அவர்களை விஞ்சியும் நின்றான். ஜப்பானிய மொழியின் கானா எழுத்துகள் ஒவ்வொன்றும் ஓர் அசையைக் குறிப்பவை. நம் உயிர்மெய்யைப் போல. அசை என்பது ஒலியைவிடப் பெரிய துண்டு. எளிதில் காதில் பிடிபடுவது. ஒரே தலைக்குள் ஒரு மொழியில் படிக்கத் தெரிந்தவனும் மற்றொரு மொழியில் படிக்கத் தெரியாதவனும் குடியிருந்தனர். இருமொழிகளையும் ஒருசேரக் கற்கும் நம் குழந்தைகளை நினைத்தால் இச்செய்தி நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும்.

எழுத்தையே மாற்றிய முயற்சி

ஆங்கில எழுத்துமுறைதான் இடையூறு என்றால் அதை மாற்றிவிட்டால் என்ன? அவ்வாறு முயன்றவர் ஜேம்ஸ் பிட்மன். சுருக்கெழுத்தைக் கண்ட ஐசக் பிட்மனின் பெயரர் அவர். ஆங்கில ஒலி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் என்னும் நோக்கில் ஏறத்தாழ 44 எழுத்துகள் கொண்ட ஒரு தொடக்கநிலை நெடுங்கணக்கை அவர் வகுத்தார். 1961ஆம் ஆண்டு முதல் பிரிட்டனின் பள்ளிகள் பலவற்றில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. குழந்தைகள் அதில் தொடங்கி, ஓரளவு படிக்கப் பழகியபின் வழக்கமான எழுத்துக்கு மாற வேண்டும் என்பது திட்டம்.

குழந்தைகள் விரைவாகப் படித்தனர். முதலாண்டிலேயே கதைப்புத்தகங்களைத் தாமாகப் படித்ததையும், அஞ்சாமல் நீளநீளமாக எழுதியதையும் கண்டு ஆசிரியர்கள் மகிழ்ந்தனர். ஆனால், மாறும் காலம் வந்தபோது பலர் தடுமாறினர். முதலில் கற்ற எழுத்துக்கூட்டலை மறப்பது அவர்களுக்கு எளிதாக இல்லை. தொடக்கத்தில் கிடைத்த ஆதாயமும் சில ஆண்டுகளில் தேய்ந்தது. வீதியின் பெயர்ப்பலகையும் வீட்டுக்கு வந்த கடிதமும் நூலகத்தின் நூல்களும் பழைய எழுத்திலேயே இருந்தன. 1970களில் அம்முறை மெல்ல மறைந்தது.

இம்முயற்சியைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒழுங்கான எழுத்துமுறை தரப்பட்டால் ஆங்கிலக் குழந்தையும் விரைவாகப் படிக்கும் என்பதை அது மெய்ப்பித்தது. குழந்தைக்கென்று தனியே ஓர் எழுத்துலகைப் படைத்து, பிறகு அதிலிருந்து வெளியேற்றுவது தவறு என்பதையும் மெய்ப்பித்தது. இரண்டும் பயனுள்ள பாடங்களே. பின்னாளில் இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. எழுத்தை மாற்றாமல், அதில் ஒழுங்காக உள்ள பகுதிகளை முதலில் வரிசைப்படுத்திக் கற்பிக்கும் ஒலிவழிப் பயிற்சியை 2006ஆம் ஆண்டின் அரசு ஆய்வறிக்கை ஒன்று வலியுறுத்தியது. 2012ஆம் ஆண்டு முதல் முதல்வகுப்புக் குழந்தைகளுக்கு 40 சொற்களைக் கொண்ட ஒலிச்சோதனை நடத்தப்படுகிறது. அவற்றுள் பாதி, பொருளற்ற புனைசொற்கள். மனப்பாடம் செய்து ஏமாற்ற இயலாதவை. குழந்தை உண்மையில் எழுத்துக்கூட்டுகிறதா, சொல்லின் உருவத்தைப் பார்த்து ஊகிக்கிறதா என்பது அப்போது வெளிப்பட்டுவிடும்.

தமிழ் என்னும் வாய்ப்பு

'எழுத்துக்கூட்டிப் படித்தல்' என்னும் தொடரை நாம் சற்று இளக்காரமாகவே பயன்படுத்துகிறோம். இன்னும் சரளமாகப் படிக்கத் தெரியாதவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது அது. உண்மையில் வாசிப்பின் அடித்தளமே அதுதான். தமிழில் அது இயல்வதுபோல் ஆங்கிலத்தில் இயல்வதில்லை.

தமிழில் 12 உயிர், 18 மெய் என்னும் முப்பது அடிப்படை ஒலிகளைக் கொண்டு எல்லாவற்றையும் எழுதிவிடலாம். தொல்காப்பியம் தன் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயலை வகுத்து, எந்த ஒலி நாவும் இதழும் பல்லும் எவ்வாறு பொருந்தப் பிறக்கிறது என்று விளக்குகிறது. எழுத்தை வரிவடிவமாக மட்டும் கருதாமல் ஒலியாகக் கருதிய மரபு நம்முடையது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளந்த மரபும் அதுவே. 'படம்', 'பாடம்' என்னும் இரு சொற்களைக் கைதட்டி அளந்து வேறுபாட்டை உணர்த்தும் ஆசிரியர், தாம் அறியாமலே டிஸ்லெக்சியாவுக்கான பயிற்சியைத்தான் அளிக்கிறார்.

புள்ளியையும் நினைக்க வேண்டும். அகரம் நீங்கிய தனி மெய்யைக் கண்ணுக்குக் காட்டும் அடையாளம் அது. இந்தி போன்ற மொழிகளில் மெய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றனுள் ஒன்றாகவும் பிணைந்து கூட்டெழுத்துகள் ஆகின்றன. தமிழில் 'பக்கம்' என்பது ப, க், க, ம் என வரிசையாக நிற்கிறது. ஒலி வரும் வரிசையிலேயே எழுத்தும் வருகிறது. ஒலிகளைப் பிரித்துக் கேட்கத் திணறும் குழந்தைக்குப் பிரித்தே எழுதிக் காட்டும் எழுத்துமுறை எத்துணைப் பெரிய உதவி!

ஆயினும், தமிழ் முற்றிலும் ஒலிப்படி எழுதப்படும் மொழி என்று பெருமை பேசுவது குழந்தைக்கு நன்மை செய்யாது. ககரம் 'கல்' என்பதில் ஒருவகையாகவும், 'தங்கம்' என்பதில் ஒருவகையாகவும், 'அகம்' என்பதில் வேறொரு வகையாகவும் ஒலிக்கிறது. இம்மாற்றம் விதிக்கு உட்பட்டது. தமிழ் பேசும் குழந்தையின் நாக்கு அந்த விதியை முன்பே அறியும். கடன்சொற்கள் வந்தபோதுதான் விதி தளர்ந்தது. 'பந்து' என்பதிலும் 'பஸ்' என்பதிலும் முதலெழுத்து ஒன்றே, ஒலி வேறு. எழுதும்போது இடர் இன்னும் மிகுதி. ரகரமும் றகரமும், நகரமும் னகரமும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. லகர ளகர ழகரமும் பல வட்டாரங்களில் அவ்வாறே. படிக்கும்போது தொல்லை தராத இவை எழுதும்போது பிழைகளாகக் குவிகின்றன.

வரிவடிவத்திலும் மேடுபள்ளங்கள் உண்டு. 'கெ' என்னும்போது காது முதலில் கேட்பது ககர மெய்யை. கண் முதலில் காண்பது கொம்பை. 'கொ' என்பதில் ஓர் அடையாளம் முன்னும் மற்றொன்று பின்னும் நின்று எழுத்தை அணைத்துக்கொள்கின்றன. பெர்சி தன் பெயரைத் தமிழில் எழுத நேர்ந்திருந்தால் முதலெழுத்திலேயே அந்தக் கொம்பு அவனைத் தடுத்திருக்கும். கு, சு, து, மு என உகரம் ஏறிய எழுத்துகள் வெவ்வேறு வடிவம் கொள்கின்றன. 'கௌ' என்பதன் பின்பகுதி ளகரமா, அடையாளமா என்பது பெரியவர்களுக்கே மயக்கம் தருவது.

இத்தகைய மயக்கங்களை நீக்க முன்னோர் முயன்றே வந்துள்ளனர். ஓலையில் புள்ளியிடும் வழக்கம் தளர்ந்தமையால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்கிக் கிடந்தபோது, வீரமாமுனிவர் அவற்றை வடிவத்தாலேயே வேறுபடுத்தினார். ணா, றா, னா, லை, ளை முதலியன ஒருகாலத்தில் பொதுவிதிக்கு அடங்காத தனி வடிவங்களைக் கொண்டிருந்தன. 1930களில் பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் சீரான வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். 1978இல் தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றது. நீங்கள் முதல் வகுப்பில் 'யானை' என்று எழுதியபோது தும்பிக்கை போல் வளைந்த பழைய 'னை' வடிவத்தைத் தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லாமற் போனது அச்சீர்திருத்தத்தால்தான். உகர ஊகாரங்களையும் சீராக்க வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி போன்றோர் வாதிட்டனர்.

அவ்வாதத்தை மதிக்கிறேன், ஆனால், இன்றைய தேவை அதுவன்று என்பது என் கருத்து. பிட்மனின் குழந்தைகள் சந்தித்த இடரை நம் குழந்தைகளும் சந்திக்க நேரிடும். மாற்ற வேண்டியது எழுத்தை அன்று. எழுத்தைக் கற்பிக்கும் முறையை. தமிழ் நெடுங்கணக்கை 247 தனித்தனிப் படங்களாகக் கருதி, ஒவ்வொன்றையும் பத்துமுறை எழுதச் சொல்லும் பழக்கம் இன்னும் நீங்கவில்லை. 216 உயிர்மெய்யும் க்+அ=க, க்+ஆ=கா என்னும் ஒரே கணக்கின் விரிவு என்பதைக் குழந்தைக்குக் காட்டாவிட்டால், நம் எழுத்துமுறையின் ஒழுங்கு அதற்கு எவ்வகையிலும் பயன்படாது. ஒழுங்கு எழுத்தில் இருந்தால் போதாது. கற்பிப்பதிலும் இருக்க வேண்டும். கன்னடக் குழந்தைகளிடையே சோனாலி நாக் நிகழ்த்திய ஆய்வுகள், உயிர்மெய் வகை எழுத்துகள் முழுவதையும் கைக்கொள்ளப் பொதுவான குழந்தைகளுக்கே சில ஆண்டுகள் ஆகின்றன என்பதைக் காட்டின. எண்ணிக்கை மிகுதி; அதனால் வரிசை முக்கியம்.

ட, ப, ம என்னும் மூன்று எழுத்துகளை மட்டும் முதலில் கற்பித்து, புள்ளியையும் துணைக்காலையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், பாடம், மாடம், பாட்டம் என்று குழந்தை முதல் வாரத்திலேயே சொற்களைப் படிக்கும். கொம்புகள் பிறகு வரலாம். வடிவத்தில் ஒத்த எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்காமல் இருக்கலாம். 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்கென வகுத்த முறையின் உயிர்நாடி இதுவே: கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, காதால் கேட்டு, விரலால் எழுதி, ஒன்று உறுதியான பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல். மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லிய நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளை இது நினைவூட்டுகிறது. திண்ணைப் பள்ளியின் பிரம்பை நினைவூட்டாதவரை நன்று.

பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் உள்ள தொலைவையும் இங்கே மறைக்கலாகாது. 'வருகிறார்கள்' என்று அரும்பாடுபட்டு எழுத்துக்கூட்டிய குழந்தை, அச்சொல்லைத் தன் வீட்டில் கேட்டதே இல்லை. அங்கு ஒலிப்பது 'வர்றாங்க'. ஒலித்துப் பார்த்தபின் 'ஓ, இதுவா' என்று மலர வேண்டிய முகம் மலர்வதில்லை. எனவே, படிக்கத் தொடங்குமுன் கதைகளை எழுத்துத்தமிழில் வாசித்துக் காட்டுவது டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்குப் பொழுதுபோக்கு அன்று, கட்டாயத் தேவை.

சரியாக, ஆனால் மெதுவாக

ஒழுங்கான எழுத்துமுறைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஜெர்மன் மொழியும் பெரும்பாலும் ஒலிப்படி எழுதப்படுவது. ஆஸ்திரிய நாட்டு ஆய்வாளர் ஹைன்ஸ் விம்மர், ஜெர்மன் மொழியில் படிக்கும் டிஸ்லெக்சியாக் குழந்தைகள் பெரும்பாலும் பிழையின்றியே படிக்கின்றனர், ஆனால் மிக மெதுவாகப் படிக்கின்றனர் என்று கண்டார். ஆங்கிலத்தில் பிழையாக வெளிப்படும் குறை, ஒழுங்கான மொழிகளில் தாமதமாக வெளிப்படுகிறது. பிழை ஆசிரியரின் கண்ணில் படும், தாமதம் படாது. பட்டாலும் அது சோம்பலாகத் தோன்றும். எழுத்துமுறை இவ்வளவு ஒழுங்காக அமைந்த இத்தாலியிலேயே, டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களைப் பாதுகாக்க 2010ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

தமிழ்வழிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு வரை வந்துவிட்ட ஒரு மாணவருக்கு இக்குறைபாடு இருக்க முடியாது என்று எண்ணுவது இதனால் தவறு. அவர் ஒவ்வொரு சொல்லையும் சரியாகவே படித்திருப்பார். மற்றவர் மூன்று வினாக்களுக்கு விடை எழுதி முடிக்கும்போது அவர் முதல் வினாவை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருப்பார். அவர் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கலாம். அவர் நீங்களாகவும் இருக்கலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாடுகளை இயலாமை வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. நம் மாநிலப் பொதுத்தேர்வுகளிலும் முறையான மருத்துவச் சான்று பெற்றோருக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. கூடுதல் நேரம் அவற்றுள் மிகப் பொருத்தமானது. விம்மர் கண்ட தாமதத்திற்கு நேரான மருந்து அது. அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடி அணிந்து தேர்வெழுதுபவர் வெட்கப்படுவதில்லை.

மொழிப்பாட விலக்கைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு குழந்தை படிப்பில் தடுமாறுகிறது என்று தெரிந்தவுடன், 'தமிழை விட்டுவிடலாமா?' என்றே பெற்றோர் பலர் முதலில் கேட்கின்றனர். ஆங்கிலம் பிழைப்புக்குத் தேவை என்பதால் அவ்வாறு கேட்கின்றனர். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. ஆனால், கைக்கு எளிதில் எட்டும் ஏணியை அகற்றிவிட்டு, படிகள் ஒழுங்கற்ற ஏணியில் மட்டும் ஏறச் சொல்கிறோம். பேசும் மொழியின் எழுத்தில், விதி தவறாத எழுத்தில் ஒரு குழந்தை முதன்முதலாக ஒரு பக்கத்தைத் தானே படித்து முடிக்கும்போது, எழுத்து என்பது தனக்கு எதிரான சூழ்ச்சி அன்று என்பதை அறிகிறது. அந்த அறிவு அடுத்த மொழிக்கும் உடன்வரும். தொடக்க வகுப்புகளில் அந்த வாய்ப்பைத் தந்தபின், பத்தாம் வகுப்பில் எந்த மொழிக்கு விலக்குக் கேட்பது என்பதை அந்த மாணவரே முடிவுசெய்யட்டும்.